கரண்ட் கம்பி எட்டாத இடத்தில் டிவியும் நெட்டும்: வேன் எடுத்துக் கிளம்பும் வடசென்னைக்காரர்களுக்கு

வேனிலேயே சமைத்து, வேனிலேயே படுத்து, ரெண்டு மூன்று ராத்திரி கரண்ட் இல்லாத இடத்தில் தங்குவது பற்றிக் கிடைக்கிற வழிகாட்டிகளில் முக்கால்வாசி அமெரிக்கர்கள் அமெரிக்காவுக்காக எழுதியவை. அதை அப்படியே பிடித்துக்கொண்டு பழவேற்காட்டுக்கோ நாகலாபுரத்துக்கோ போனால் மூன்று இடத்தில் இடறும். அவர்களுக்குச் சாட்டிலைட் தெற்கே சாய்வாகத் தெரியும். நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். அவர்கள் கடையில் வாங்கி மாட்டுகிற மொபைல் சிக்னல் பூஸ்டரை இங்கே மாட்டினால் குற்றம். அவர்கள் பேட்டரிக் கணக்கில் ஃபேன் வராது. நம் ஊரில் ஃபேன் ஓடாமல் யாரும் தூங்கப் போவதில்லை. அதனால் கணக்கை இங்கிருந்தே போட வேண்டும்.

பேட்டரிக் கணக்கு முதலில்

டிவி, நெட் என்று ஆரம்பிப்பவர்கள் டிஷ்ஷும் ரவுட்டரும் வாங்கிவிட்டுக் கடைசியில் பேட்டரியைப் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழ். ஒரு நாள் செலவை முதலில் எழுதுங்கள்:

24 இஞ்ச், 12 வோல்ட்டில் ஓடும் எல்இடி டிவி: 25 வாட், 4 மணி நேரம் – 100 வாட்-மணி
செட்டாப் பாக்ஸ், அதோடு எல்என்பி (டிஷ்ஷின் கை முனையில் சிக்னலை வாங்குகிற சின்னக் கருவி): 12 வாட், 4 மணி நேரம் – சுமார் 50
4ஜி ரவுட்டர்: 8 வாட், 24 மணி நேரம் – 192
12 வோல்ட் பிஎல்டிசி ஃபேன்: 15 வாட், 8 மணி நேரம் – 120
ரெண்டு 5 வாட் விளக்கு, 5 மணி நேரம் – 50
ரெண்டு போன் சார்ஜ் – 30

மொத்தம் 540-க்கு மேல். ஒயர், கன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்து 600 என்று வையுங்கள். இதில் அதிகம் குடிப்பது டிவி இல்லை, ரவுட்டர். சின்னப் பெட்டிதானே என்று ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறார்கள். படுக்கும்போது அணைத்துக் காலையில் போட்டால் 60 வாட்-மணிக்கு மேல் மிச்சம். ஃபேன் பாதி ராத்திரி அந்த மிச்சத்திலேயே ஓடிவிடும்.

12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் (இரும்பு பாஸ்பேட் வகை) 1,280 வாட்-மணி இருக்கும். எண்பது சதவீதம் வரை எடுக்கலாம் என்றால் ஆயிரத்துச் சொச்சம். மேலே போட்ட கணக்குக்கு ஒன்றரை நாளுக்கு மேல் வரும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியைக் கழற்றி எடுத்துப் போனாலும் ஓடும். ஆனால் அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் கையில் நிற்பது 900 வாட்-மணிதான். மூட்டை தூக்குகிற கனம் வேறு. ஆசிட் ஆவி வரும் என்பதால் படுக்கும் அறைக்குள் வைக்கவும் கூடாது.

சார்ஜ் ஏற்றுவதற்கு: வேன் கூரையில் படுக்கையாகப் போட்ட 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் 700 வாட்-மணி சுற்றுவட்டத்தில் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. அந்த மாதங்களில் நம்ப வேண்டியது வண்டி இன்ஜின் ஓடும்போது கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டரை. 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டால் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு 250 வாட்-மணி ஏறும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்ச் சேருவதற்குள், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்கள் நடுவே மாட்டிக்கொண்டு ஊர்ந்தாலும், ஒரு ராத்திரிக்கான டிவி, ஃபேன் செலவு வண்டியிலேயே ஏறிவிடும்.

இன்வெர்ட்டரை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். சும்மா ஆன் செய்து வைத்தாலே 10, 15 வாட் தின்னும். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டரில் திரும்ப 12 ஆக்குவது வீண் சுற்று. டிவி, பாக்ஸ், ரவுட்டர் மூன்றையுமே 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அடாப்டரின் முதுகில் 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா, நடு முனை பிளஸ்ஸா என்று பார்த்தால் போதும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பேட்டரியிலிருந்து நேராக பாக்ஸுக்கு ஒயர் இழுப்பது. 12 வோல்ட் பேட்டரி என்பது பேருக்குத்தான். உச்சி வெயிலில் சோலார் ஏற்றும்போது 14.4 வரை போகும். வடிகிற நேரத்தில் 11-க்கு இறங்கும். மேலே போனால் பாக்ஸின் உள்ளே இருக்கிற ரெகுலேட்டர் சூடேறிச் சாகும். கீழே இறங்கினால் வேடிக்கையான கோளாறு வரும்: சில சேனல் தெரியும், சில சேனல் வராது. காரணம் இதுதான். எல்என்பிக்குக் கேபிள் வழியாக பாக்ஸ்தான் கரண்ட் அனுப்புகிறது. செங்குத்து அலைக்கு 13 வோல்ட், கிடை அலைக்கு 18 வோல்ட். உள்ளே வரும் கரண்ட் நோஞ்சானாக இருந்தால் 18-ஐ எட்ட முடியாது; கிடை அலையில் வரும் சேனல்கள் மொத்தமாகப் போய்விடும். பலர் இதை டிஷ் நகர்ந்துவிட்டது என்று நினைத்து, சரியாக இருந்த டிஷ்ஷைத் திருப்பிக் கெடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு மருந்து ஏற்றவும் இறக்கவும் தெரிந்த 12 வோல்ட் டிசி கன்வெர்ட்டர், 5 ஆம்பியர். ரிச்சி தெருவில் கிடைக்கும். கேட்கும்போது பக்-பூஸ்ட் என்று சொல்லிக் கேளுங்கள். வெறும் பக் மட்டும் வாங்கினால் இறங்கிய வோல்ட்டை ஏற்றாது.

ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. விளக்குக்குப் போடும் 0.75 ஒயரில் 5 மீட்டர் தூரத்துக்கு 4 ஆம்பியர் இழுத்தால் போய் வருகிற வழியிலேயே ஒரு வோல்ட் தொலைந்துவிடும். பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் இல்லாத ஒயர் வேனின் தகரத்தில் உரசினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

டிவிக்கு எந்தச் சாட்டிலைட்

மொட்டை மாடி மீன்முள் ஆன்டெனா காலம் போய்விட்டது. கரண்ட் கம்பி இல்லாத இடத்தில் டிவி என்றால் சாட்டிலைட்தான். முதல் தேர்வு டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லை, ரீசார்ஜ் இல்லை, கார்டு தேவை இல்லை. ஜிசாட்-15 சாட்டிலைட், 93.5 டிகிரி கிழக்கு. எம்பெக்-4 பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பாக்ஸில் குறைவான சேனல்தான் வரும். டிடி தமிழும் செய்திச் சேனல்களும் கிடைக்கும். இந்தியா ஆடுகிற சில மேட்ச் டிடி ஸ்போர்ட்ஸில் வரும். ராத்திரி சீரியல் பார்க்காவிட்டால் சோறு இறங்காது என்கிற ஆள் வேனில் இருந்தால் கட்டண டிடிஎச்தான் வழி. டாடா ப்ளே 83 டிகிரியில், சன் டைரக்ட் 91.5-லும் 93.5-லும், ஏர்டெல் 108.2-ல்.

சென்னையில் நின்று பார்த்தால் ஒவ்வொன்றும் எங்கே தெரியும் என்பது இது. திசை வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில், உயரம் தரையிலிருந்து:

93.5 – திசை 134, உயரம் 68 டிகிரி
91.5 – திசை 139, உயரம் 70
83 – திசை 168, உயரம் 74
108.2 – திசை 113, உயரம் 54

ஃப்ரீ டிஷ்ஷுக்குத் தென்கிழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூரோ காட்டுப்பள்ளியோ பழவேற்காடோ, கடலைப் பார்த்து நின்று 45 டிகிரி வலது பக்கம் திரும்பினால் ஏறக்குறைய அதுதான் திசை. ஜவ்வாது மலைக்குப் போனாலும் திசையில் 4 டிகிரிதான் மாறும், உயரத்தில் ஒரு டிகிரிகூட மாறாது.

68 டிகிரி என்பது பெரிய வசதி. அமெரிக்க வழிகாட்டிகள் பக்கம் பக்கமாக மரத்தைப் பற்றிப் புலம்பும். நமக்கு அவ்வளவு கவலை இல்லை. 15 மீட்டர் தென்னை நேர் எதிரே நின்றால்கூட 6 மீட்டர் தள்ளி வைத்தால் அலை அதன் தலைக்கு மேலே தாண்டி வந்துவிடும். நாகலாபுரம் மாதிரி பள்ளத்தாக்குக்குள் போய் நிறுத்தினாலும் சுற்றியிருக்கிற மலை டிவியை மறைக்காது. மொபைல் டவரைத்தான் மறைக்கும். மலைக்குள் டிவி வரும், நெட் வராது என்று எதிர்பார்த்துக் கிளம்புங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, சவுக்குத் தோப்புக்கு நேர் அடியில் நிறுத்தாதீர்கள். நனைந்த சவுக்கு இலை சிக்னலை நன்றாகக் குடிக்கும்.

டிஷ் நிறுத்தும் வேலை

வேண்டியவை: 60 சென்டிமீட்டர் டிஷ், 9750/10600 யுனிவர்சல் எல்என்பி, பாக்ஸ், ஆர்ஜி-6 செம்புக் கேபிள் 10 மீட்டர், கேபிள் முனைக்கு எஃப் கனெக்டர் ஆறு (ரெண்டு போதும், மற்றவை கீழே விழுந்து மணலில் தொலைய), ரசமட்டம், 10-ம் நம்பர் 13-ம் நம்பர் ஸ்பேனர், மூன்று கால் ஸ்டாண்ட், காலியான சிமெண்ட் சாக்கு மூன்று, கை அகலப் பலகைத் துண்டு மூன்று. போல்ட் நட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஸ்எஸ் 304-ஆக மாற்றிவிடுங்கள். காசிமேடு துறைமுகத்துப் பக்கம் படகுச் சாமான் விற்கிற கடைகளில் உப்புக்காற்றைத் தாங்குகிற போல்ட்டும் நைலான் கயிறும் கிடைக்கும். கடல் காற்றில் எது தாங்கும், எது தாங்காது என்று அங்கே கேட்டால் தெரியும்.

டிஷ்ஷை வேன் கூரையில் நிரந்தரமாகப் பொருத்தும் ஆசையை விடுங்கள். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மொத்தமே 3 டிகிரி அகலம். உள்ளே ஒருத்தர் புரண்டு படுத்தால் வேன் ஆடும், படம் கட்டம் கட்டமாக உடையும். தரையில் தனியாக நிற்பதுதான் நல்லது.

முதலில் ஸ்டாண்ட். மணலில் வைத்தால் ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகைத் துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் சரியாக இருந்த டிஷ் காலையில் ஒரு பக்கம் புதைந்திருக்கும். சாக்கில் மணல் நிரப்பி ஒவ்வொரு காலிலும் கட்டுங்கள். 60 கிலோமீட்டர் வேகக் காற்றில் தட்டு மேல் 5, 6 கிலோ தள்ளுவிசை விழும், மூட்டை இல்லாத ஸ்டாண்ட் கவிழும். அடுத்து ரசமட்டத்தைக் குழாயின் மேல் ரெண்டு பக்கமும் வைத்துப் பார்த்துக் குழாய் நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு ஒரு மணி நேரம் டிஷ்ஷோடு மல்லுக்கட்டுவார்கள். குழாய் சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் உயரமும் சேர்ந்தே மாறும். எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

உயரத்தை 68-க்கு வையுங்கள். டிஷ்ஷின் பின்பக்கத் தகட்டில் டிகிரி அளவு பொறித்திருக்கும். வைத்த பிறகு தட்டைப் பார்த்தால் 68 டிகிரி மேலே பார்ப்பதாகத் தெரியாது, பாதிச் சாய்வாகத்தான் தெரியும். பதறி மேலும் நிமிர்த்தாதீர்கள். இது ஆஃப்செட் டிஷ். எல்என்பி கீழேயிருந்து பார்ப்பதால் தட்டின் முகத்தை விட இருபத்துச் சொச்ச டிகிரி மேலே அதன் பார்வை போகும்.

எல்என்பியின் சாய்வுதான் நம் ஊர் நிலைமையில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கிழக்கே ஒதுங்கிய சாட்டிலைட்டைப் பார்ப்பதால், அலை நம்மிடம் நன்றாகச் சாய்ந்தே வருகிறது. 93.5-க்குச் சென்னையிலிருந்து கணக்குப் போட்டால் 44, 45 டிகிரி. டிஷ்ஷின் பின்னால், சாட்டிலைட்டைப் பார்த்து நின்றுகொண்டு, எல்என்பியைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக அரைவாசிச் சாய்வு திருப்புங்கள். இது தொடக்கப் புள்ளிதான், கடைசியில் பாக்ஸைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். எல்என்பியை நேராக வைத்துக்கொண்டு திசையை மட்டும் தேடினால் சிக்னல் வந்தும் வராத மாதிரியே இருக்கும்.

திசைக்கு போன் காம்பஸ் போதும். ஆனால் வேனிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நின்று பாருங்கள், இரும்புக்குப் பக்கத்தில் காம்பஸ் பொய் சொல்லும். உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இங்கே ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம், மறந்துவிடலாம்.

இப்போது பாக்ஸ். மெனுவில் ஜிசாட்-15, அலைவரிசை 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று வைத்துச் சிக்னல் பக்கத்தைத் திறந்துவையுங்கள். ரெண்டு கோடு தெரியும். மேலே பவர், கீழே தரம். பவர் கோடு எல்என்பிக்குக் கரண்ட் போனாலே ஏறி நிற்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பார்க்க வேண்டியது தரக் கோடு.

ரெண்டு பேர் வேண்டிய வேலை இது. ஒருத்தர் டிஷ்ஷைப் பிடிக்க, இன்னொருத்தர் உள்ளே டிவியைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். டிஷ்ஷைக் குழாயில் இறுக்கும் போல்ட்டைக் கை அசைவுக்கு இடம் விட்டு இறுக்குங்கள். 120 டிகிரியில் ஆரம்பித்து 150 வரை, ஒரு விரல் அகலம் நகர்த்துவது, மூன்று எண்ணுவது, மறுபடி ஒரு விரல். எண்ணாமல் ஓட்டினால் பாக்ஸ் பூட்டிக்கொள்வதற்குள் தாண்டிப் போய்விடுவீர்கள். உள்ளேயிருந்து "இல்ல... இல்ல... ண்ணா, வந்துச்சு, நில்லு!" என்று வரும்போது அசையாமல் நில்லுங்கள். பிறகு அரை விரல் இந்தப் பக்கம், அரை விரல் அந்தப் பக்கம். "ஏறுது, ஏறுது, இறங்குது, பழைய இடத்துக்கே வா." அந்த உச்சியில் போல்ட்டை இறுக்குங்கள். அடுத்து உயரத்தை இதே மாதிரி. கடைசியில் எல்என்பியை ரெண்டு பக்கமும் கொஞ்சம் திருகித் தரக் கோட்டை உச்சிக்குக் கொண்டு வாருங்கள். போல்ட்டை மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரே பக்கம் முழுக்க இறுக்கினால் அந்த இழுப்பிலேயே டிஷ் நகரும்.

பவர் நிறைய, தரம் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்திருக்கிறீர்கள். 91.5-ல் ஒன்று, 95-ல் ஒன்று, நடுவில் நம் 93.5. மூன்றும் வானத்தில் ரெண்டு ரெண்டு டிகிரி இடைவெளியில் நிற்கின்றன. பீப் அடிக்கிற மலிவு சாட் ஃபைண்டர் மூன்றுக்கும் ஒரே மாதிரி பீப் அடிக்கும், எது எது என்று அதற்குத் தெரியாது. டிஷ்ஷைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் பாருங்கள், பிறகு வலது. 95 இடது பக்கம் சற்றுக் கீழே, 91.5 வலது பக்கம் சற்று மேலே.

படம் வந்த பிறகும் மூன்று தொல்லை உண்டு. மழை கொட்டினால் டிஷ்ஷுக்கு வரும் கேயூ அலை பட்டுப்போகும், காத்திருப்பது தவிர வழி இல்லை. தரத்தை வெயில் நேரத்தில் உச்சிக்கு ஏற்றி வைத்தவர்களுக்குத் தூறலில் படம் தங்கும், ஏதோ வந்தால் போதும் என்று விட்டவர்களுக்கு மேகம் கறுத்தாலே போகும். ரெண்டாவது, காக்கா. எல்என்பி கை அதற்கு உட்கார வாகான இடம். கையின் மேல் நாலைந்து கேபிள் டையை வால் மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கட்டினால் உட்காராது. மூன்றாவது, மார்ச் 14, 15 வாக்கிலும் செப்டம்பர் 28, 29 வாக்கிலும் காலை 11 மணி சுமாருக்குச் சில நிமிடம் படம் உடையும். சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிற நேரம் அது. எதையும் தொடாதீர்கள், தானாக வரும்.

கனெக்டர்

கடலோரத்தில் டிவி போவதற்கு டிஷ் நகர்வதை விட அதிகமான காரணம் கனெக்டர். ஆர்ஜி-6 நடுக்கம்பி செம்பா, செம்பு பூசிய இரும்பா என்று வாங்கும்போதே காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் வேண்டாம். உரிக்கும்போது நடுக்கம்பியில் கீறல் விழக்கூடாது, வெளிப்பின்னலின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் பாக்ஸ் எல்என்பி ஷார்ட் என்று காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. நடுக்கம்பி கனெக்டர் வாயிலிருந்து 2 மில்லிமீட்டர் வெளியே நின்றால் போதும். மாட்டிய பிறகு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் ஒரு வெயிலில் பசை கக்கும், பிறகு அதன் உள்ளேயே பனி தேங்கும். கேபிள் வேனுக்குள் நுழையும் இடத்தில் ஒரு முழம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பாக்ஸ் வரை வராது.

நெட்

கிளம்புவதற்கு முன்பு வேலை பாதி. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் போகிற இடத்தைச் சுற்றி எந்தெந்தக் கம்பெனி டவர் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். கம்பெனிகளின் கவரேஜ் வரைபடமும் பாருங்கள், ஆனால் அதைப் பாதிதான் நம்புங்கள். ரெண்டு வேறு கம்பெனி சிம் கட்டாயம். ரவுட்டரில் போடுகிற சிம், பேங்கில் கொடுத்திருக்கிற நம்பராக இருக்கக்கூடாது. ஓடிபி எல்லாம் ரவுட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு விழிப்பீர்கள்.

ரவுட்டர் வாங்கும்போது பெட்டியில் பேண்ட் 1, 3, 5, 8, 28, 40 இருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்கு வெளியே தூரம் எட்டுவது தாழ்ந்த அலைவரிசைகள்தான்: ஜியோவுக்கு 850 (பேண்ட் 5), ஏர்டெலுக்கு 900 (பேண்ட் 8), பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 (பேண்ட் 28). வெளிநாட்டிலிருந்து வந்த ரவுட்டரில் இவற்றில் சில இருக்காது, டவர் கண்ணெதிரே நின்றாலும் பிடிக்காது. பின்பக்கம் ஆன்டெனா மாட்டும் ரெண்டு எஸ்எம்ஏ துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இடத்துக்குப் போனதும் கோடு எத்தனை என்று பார்க்காதீர்கள்; எண்ணைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அடித்தால் போன் தகவல் பக்கம் வரும். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது. மைனஸ் 90-க்கு மேல் நல்லது, மைனஸ் 105 ஒப்பேற்றும், மைனஸ் 115-க்குக் கீழே வாட்சாப் போனாலே அதிர்ஷ்டம். எஸ்ஐஎன்ஆர் என்பது அந்தக் குரல் சந்தடிக்கு நடுவே எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. 13-க்கு மேல் இருந்தால் நன்றாக ஓடும், பூஜ்யத்துக்குக் கீழே போனால் கோடு நிறைய இருந்தும் பக்கம் திறக்காது.

கடலோரத்திலும் ஏரிக்கரையிலும் அடிக்கடி நடப்பது இந்த ரெண்டாவது கோளாறு. தண்ணீர்ப் பரப்பில் தடுக்க எதுவும் இல்லாததால் பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கிற டவர்கூட வந்து காதில் பேசும். நாலு டவர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் புரியாது. இதற்குத்தான் ஒரே திசையைப் பார்க்கிற எல்பிடிஏ ஆன்டெனா. அம்பு முனை மாதிரி இருக்கும். ஒரு டவரை நோக்கி வைத்தால் மற்றவை அமுங்கும். எஸ்ஐஎன்ஆர் எண்ணைப் பார்த்துக்கொண்டே 15 டிகிரி 15 டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நின்று பாருங்கள். ரெண்டு ஆன்டெனா மாட்டினால் ஒன்றை வலது பக்கம் 45 டிகிரி, மற்றதை இடது பக்கம் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். டவரில் இருப்பதும் அப்படித்தான். ரெண்டையும் நேராக நிறுத்தினால் ரெண்டாவதற்குக் கொடுத்த காசு வீண்.

ஆன்டெனாவை உயரத்தில் வைக்க ஆசைப்பட்டு நீளக் கேபிள் போடுபவர்கள் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள். ஆர்ஜி-58 என்கிற மெல்லிய கேபிள் இந்த அலைவரிசைகளில் மீட்டருக்கு ஒரு டிபி (சிக்னல் ஏற்ற இறக்கத்தின் அளவு) வரை தின்னும். 10 மீட்டர் போட்டால் ஆன்டெனா கூட்டிக் கொடுத்த 8, 9 டிபி கேபிளுக்குள்ளேயே செலவாகிவிடும். கேபிளை 3 மீட்டரில் நிறுத்துங்கள். இல்லையென்றால் ரவுட்டரையே மழை புகாத பெட்டியில் போட்டு ஆன்டெனா பக்கத்தில் கம்பத்தில் ஏற்றிவிட்டு, கீழே லேன் கேபிள் மட்டும் இறக்குங்கள். லேன் கேபிளில் 20 மீட்டருக்கும் இழப்பு இல்லை, கரண்டும் அதிலேயே போகும்படி பிஓஇ மாடல் உண்டு. வெயிலில் பெட்டி சுடும். வெள்ளைப் பெட்டி வாங்கி அடியில் ரெண்டு துளை போடுங்கள்.

மொபைல் சிக்னல் பூஸ்டர், ரிப்பீட்டர் வாங்காதீர்கள். இணையத்தில் சகஜமாக விற்கிறார்கள். ஆனால் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதும் மாட்டுவதும் இந்தியாவில் குற்றம். உங்கள் பெட்டிக்குள் சிக்னல் ஏற, சுற்றியிருக்கிற ஊர் முழுக்க டவரின் காது அடைத்துக்கொள்ளும். ரவுட்டரில் வெளி ஆன்டெனா மாட்டுவது வேறு, அதில் எதையும் பெருக்கி ஒலிபரப்புவதில்லை. சாட்டிலைட் போனும் அப்படியே. துரையா, இரிடியம் எதுவும் அனுமதி இல்லாமல் கையில் இருக்கக்கூடாது. ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் இந்திய உரிமம் கிடைத்தது என்றாலும், துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த பெட்டியை இங்கே விரிப்பது அந்த உரிமத்துக்குள் வராது. கரண்ட் கணக்கும் பாருங்கள்: பெரிய தட்டு 75 முதல் 100 வாட், மினி 25 முதல் 40. மேலே போட்ட பட்டியலில் பெரிய தட்டை 5 மணி நேரம் சேர்த்தால் ஒன்றரை நாள் பேட்டரி அன்றைக்கே காலி. வீட்டு ஏர்ஃபைபர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவதும் உதவாது, அது வீட்டு முகவரிக்குக் கட்டுப்பட்டது.

டேட்டா: 1080-ல் படம் பார்த்தால் மணிக்கு 2 ஜிபிக்கு மேல் போகும், 480-ல் முக்கால் ஜிபி. 5ஜி அன்லிமிடெட் என்று இருக்கிற பிளான், 5ஜி டவருக்குக் கீழே இருக்கும் வரைதான். 4ஜிக்கு இறங்கியதும் தினசரி அளவு கழிய ஆரம்பிக்கும். ஒரு டி20 மேட்ச் பாதியில் 64 கேபிக்கு இறங்கி நின்றுவிடும். அதனால் படங்களை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், நேரலையை டிஷ்ஷுக்கு விடுங்கள், நெட்டை மேப்புக்கும் மெசேஜுக்கும் வேலைக்கும் வையுங்கள். ரவுட்டரோடு ஒட்டியிருக்கிற டிவி பெட்டி, போன் எல்லாவற்றிலும் தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிடுங்கள், பாதி ஜிபி ராத்திரியில் சத்தமில்லாமல் போகும்.

கம்பம் ஏற்றும் முன்

மேலே பாருங்கள். அத்திப்பட்டு, வல்லூர், மீஞ்சூர் பக்கம் அனல்மின் நிலையங்களிலிருந்து கிளம்புகிற உயரழுத்தக் கம்பிகள் வயல், உப்பளம், ரோடு எல்லாவற்றுக்கும் மேலே குறுக்கும் நெடுக்கும் போகும். உங்கள் கம்பம் எவ்வளவு நீளமோ அதுபோல ரெண்டு மடங்கு தூரத்துக்குள் எந்தக் கம்பியும் இருக்கக்கூடாது. கை நழுவிக் கம்பம் சாய்ந்தாலும் தொடாத தூரம். உயரழுத்தக் கம்பிக்கு இதுவும் பற்றாது, அது கண்ணில் படுகிற இடத்தில் கம்பமே ஏற்றாதீர்கள். அலுமினியக் கம்பத்துக்குப் பதில் ஃபைபர் கம்பம் நல்லது, ஆனால் ஈரமான ஃபைபரும் கரண்ட் கடத்தும். இடி கேட்டால் கம்பத்தை இறக்கி, டிஷ் கேபிளையும் ஆன்டெனா கேபிளையும் கழற்றி வேனுக்கு வெளியே போட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசி மாலைகளில் இடி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வரும்.

பழவேற்காடு பறவைகள் சரணாலயத்துக்குள் தங்க வனத்துறை அனுமதி வேண்டும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, எந்த மாநில வனத்துறை என்று இடத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

முதல் தடவை மொத்தத்தையும் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை பாருங்கள். 93.5-ஐ மாடியில் ஒரு தடவை பிடித்துவிட்டால் டிஷ்ஷின் உயர அளவிலும் எல்என்பி கழுத்திலும் பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தடவை மணலில் திசையை மட்டும் தேடினால் போதும், பத்து நிமிடத்தில் முடியும்.

திரும்பி வந்த அன்றே டிஷ், ஸ்டாண்ட், ஆன்டெனா எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். கனெக்டரைத் திறந்து நடுக்கம்பி கறுத்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் சுத்தம் செய்யாதீர்கள், ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் புது கனெக்டர் போடுங்கள். கூரையில் எதையாவது கட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்றால், தரையிலிருந்து வண்டியின் புது உயரத்தை அளந்து ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்து ரயில்வே சுரங்கப்பாதை வாசலில் வந்து நின்று யோசிக்க முடியாது, பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.